சொருகிய பதினோரு கார்டுகள்

ஸ்ரீரங்கம்,
12-8-1968

மிஸ்டர் ஸ்தனிஸ்லாஸ்,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். அங்கே கம்ப்யூட்டர் மெஷினில் நீங்கள் ஓட்டுகிற என் ப்ரோகிராமில் கை வைத்தீர்களா?

விஷயம் மெட்ராஸுக்கு எட்டியிருக்குமோ என்னவோ. நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் கம்பெனியின் முதல் பஸ் சமயபுரம் தாண்டியதும் புளியமரத்தில் மோதிவிட்டது. டிரைவர் அழகர்சாமி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். பிரயாணிகளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. கண்டக்டர் வீரமலைக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அழகர்சாமி சொல்வது இது: சனிக்கிழமை ராத்திரி மெட்ராஸ் பஸ்ஸை ஓட்டி வந்து மூன்றரைக்கு டிப்போவில் விட்டேன், ஐந்து மணி முதல் பஸ்ஸும் எனக்கே என்று சார்ட்டில் போட்டிருந்தது, ஏறினேன். மேனேஜர் சொல்வது: மெஷின் போடுகிற டூட்டி சார்ட்டில் இரண்டு டூட்டிக்கு நடுவே ஒன்பது மணி நேர ஓய்வு இல்லாமல் வராது, நீ யாருக்காகவோ சனிக்கிழமை டூட்டியை மாற்றி எடுத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறாய். பழைய சார்ட்டைப் பார்க்கலாம் என்றால் அதுவும் இல்லை. புதுசு ஒட்டும்போது பழசைக் கிழித்து டீக்கடைக்காரர் பஜ்ஜி மடிக்கக் கொண்டுபோய்விடுகிறார். அழகர்சாமியை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். செப்டம்பர் ஒன்பதாம் தேதி விசாரணை. மாற்றி எடுத்தார் என்று முடிவானால் வேலையும் போகும், போலீஸ் கேஸும் அவர் தலையில்தான் விடியும்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, நீ எழுதினதுதானே? அப்படிப் போடுமா?" என்றார். நான் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. மூன்று சாயங்காலம் ப்ரோகிராமின் அச்சுத் தாளைத் தரையில் விரித்து, நானே மெஷின் என்று வைத்துக்கொண்டு, பென்சிலால் வரி வரியாக நடந்து பார்த்தேன். அப்படி வர வழியே இல்லை. "போடாது சார்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் அழகர்சாமியின் மனைவி ராக்கம்மாள் ஆபீஸுக்குள்ளேயே வந்துவிட்டாள். "நீதான் மெசினுக்குச் சொல்லிக் குடுக்கிறவளா? எம் புருசன் பொய் சொல்றாரு, ஒம் மெசினு சொல்லாது, அப்படித்தானே? நல்லா இரு தாயி" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டுப் போனாள்.

அந்த வாரத்துக்குத் துளை போட்ட டிரைவர் கார்டுகள் உங்களிடம்தான் இருக்கின்றன. அப்படியே ஒரு தடவை மெஷினில் ஓட்டி, வருகிற தாளை அனுப்புங்கள். எதையும் தொட வேண்டாம். பாடாத ரேடியோவைத் தலையில் தட்டிப் பார்க்கிற கை உங்களுடையது என்று ட்ரெயினிங்கிலேயே எனக்குத் தெரியும்.

செல்லக்கிளி


மெட்ராஸ்,
16-8-1968

மகா கனம் பொருந்திய செல்லக்கிளி அம்மாளுக்கு, ரேடியோ தட்டுகிறவன் எழுதுவது.

நீங்கள் காவிரிக் காற்றில் தரையில் தாளை விரித்து உட்கார்ந்திருக்கிறீர்கள். கொடுத்து வைத்தவர். இங்கே என் பிழைப்பு என்னவென்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை மூன்றிலிருந்து ஐந்து வரைதான் உங்கள் பஸ் கம்பெனிக்கு மெஷின். ஐந்தடித்தால் உரக் கம்பெனிக்காரன் கார்டுப் பெட்டியோடு வாசலில் நிற்பான். சார்ட்டை அன்றைக்கு ரயிலில் பார்சல் போடாவிட்டால் உங்கள் மேனேஜர் டிரங்க் காலில் என் அம்மா அப்பா எல்லாரையும் இழுப்பார். அந்த நேரத்தில் உங்கள் அருமை ப்ரோகிராம் பாதியில் நின்று, ஏதோ தப்பு என்று விளக்கை எரியவிடும். நான் என்ன செய்ய? பென்சில் சீவவா? ஒன்றை மாற்றுவேன், ஓட்டிப் பார்ப்பேன். ஓடவில்லையா, இன்னொன்றை மாற்றுவேன். ஓடினால் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த வேலை.

மார்ச்சில் முதல் தடவை நின்றபோது உங்களுக்குத்தான் எழுதினேன். என்ன பதில் போட்டீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "ப்ரோகிராம் சரி. கார்டு தப்பாக இருக்கும். துளை போடுகிறவர்களைக் கவனமாக இருக்கச் சொல்லுங்கள்." இங்கே கார்டில் துளை போடுகிற ரஷீதா அந்தக் கார்டுக் கட்டையே மறுபடி மறுபடி சரிபார்த்து, கடைசியில் அழுதுவிட்டாள். கார்டில் ஒரு தப்பும் இல்லை. அன்றோடு உங்களுக்கு எழுதுவதை விட்டேன். சின்னச் சின்னதாகச் சரிசெய்து நானே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்கப்புறம் ஒரு வாரமாவது சார்ட் வராமல் இருந்திருக்கிறதா? சொல்லுங்கள்.

மறுபடி ஓட்ட மெஷின் நேரம் என் மாமனார் வீட்டில் கிடைக்கிறதா? உங்கள் டிரைவர் தண்ணி போட்டிருப்பார். அதை விசாரியுங்கள் முதலில்.

ஸ்தனிஸ்லாஸ்


ஸ்ரீரங்கம்,
20-8-1968

ஸ்தனிஸ்லாஸ்,

தண்ணி போட்டிருப்பார் என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? அழகர்சாமி பீடிகூடப் பிடிக்காத மனிதர் என்று டிப்போவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முகம் தெரியாத ஒருவர்மேல் சேற்றை வாரி இறைப்பது அவ்வளவு சுலபமாக இருக்கிறது உங்களுக்கு.

ஆஸ்பத்திரிக்குப் போய் வீரமலையைப் பார்த்தேன். போகாமல் இருக்க முடியவில்லை. அவர் சொன்னார்: "வண்டில ஏறும்போதே அண்ணனுக்குக் கண்ணு செவசெவன்னு இருந்துச்சுங்க. என்னண்ணே, தூங்கலியான்னேன். மெசினு போட்டுருச்சுப்பா, அதுக்கிட்ட போயி யாரு சண்டை போடறதுன்னாரு." கால் போன மனிதர் பொய் சொல்ல என்ன இருக்கிறது? அவருக்கு அழகர்சாமிமேல் கோபம்தான் இருக்க வேண்டும். கோபமில்லை. என்னைப் பார்த்து, "காபி சாப்பிடுறீங்களா" என்று கேட்டார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

திரும்பி வந்து இன்னும் இரண்டு டிரைவர்களைக் கேட்டேன். தங்கையனும் ஆண்டியும். இருவருக்கும் ஏப்ரலுக்குப் பிறகு இதே மாதிரி சனிக்கிழமை ராத்திரியும் ஞாயிறு காலையும் சேர்ந்து வந்திருக்கிறது. அவர்களில் ஒருவர் ஆபீஸில் போய்ச் சொல்லியிருக்கிறார். "மெஷினுக்கு எல்லாம் தெரியும், போய் வண்டியை எடு" என்று விரட்டியிருக்கிறார்கள். இதை மேனேஜரிடம் சொன்னேன். "ஒருத்தனுக்காக ஒருத்தன் சொல்றதும்மா" என்று கையை ஆட்டிவிட்டார்.

இப்போது கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள். சின்னச் சின்னதாக என்றால் என்ன? எத்தனை? எந்தெந்த இடத்தில்? என் கையில் இருக்கிற தாளில் அதெல்லாம் இருக்கிறதா இல்லையா? மூன்று சாயங்காலம் நான் முட்டி வலிக்க நடந்து பார்த்தது எந்த ப்ரோகிராமை?

செல்லக்கிளி


மெட்ராஸ்,
24-8-1968

செல்லக்கிளி,

கேட்டீர்கள் அல்லவா, வாங்கிக்கொள்ளுங்கள். பதினொன்று. நீங்கள் எழுதின ப்ரோகிராம் கார்டுக் கட்டை நான் தொடவில்லை. அதை முழுக்கத் திருப்பி மெஷினுக்குப் புரிகிறபடி ஆக்க ஒரு மணி நேரம் ஆகும், அந்த நேரம் எனக்கு யாரும் கொடுத்ததில்லை. அதனால் கட்டின் கடைசியில் தனிக் கார்டு சொருகினேன். ஒவ்வொன்றும் மேலே இருக்கிற ஏதோ ஒரு வரியை அழித்துவிட்டு வேறொன்றை எழுதும். இங்கே எல்லாரும் செய்கிற வேலைதான். உங்களிடம் இருக்கிற தாளில் இதில் ஒன்றுகூட இல்லை. நீங்கள் நடந்து பார்த்த ப்ரோகிராம் மார்ச் மாதத்துக்கு அப்புறம் இங்கே ஓடவே இல்லை.

பதினொன்றையும் தனித்தாளில் எடுத்து எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். எது எதற்காக என்று கேட்காதீர்கள். எந்தக் கார்டை உருவினால் மெஷின் எங்கே நிற்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஏன் நிற்கும் என்றால் தெரியாது. இரண்டு நாளாக உட்கார்ந்து யோசித்தேன், தெரியவில்லை. ஆறு மாதம் வாரா வாரம் கட்டிக்கொண்டு அழுத ப்ரோகிராம், அதைப்பற்றி ஒருவரிடம் ஐந்து நிமிஷம் எடுத்துச் சொல்ல என்னால் முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது. போதுமா?

ஆனால் நீங்கள் ஒன்றும் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு உட்கார வேண்டாம். சார்ட் ஒட்டுகிற பலகை உங்கள் ஆபீஸ் மாடிப்படிக்குக் கீழேதானே? ஒரு வாரமாவது இறங்கிப் போய், மெஷின் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்ததுண்டா? உங்களுக்கு எதற்கு அதெல்லாம்! நீங்கள் எழுதினது சரியாகத்தான் இருக்கும், பார்க்க வேண்டியதே இல்லை. நான் மெஷின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், நீங்கள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நடுவில் அந்த மனிதர் தூங்காமல் பஸ் ஓட்டியிருக்கிறார்.

தண்ணி போட்டார் என்று எழுதினது தப்பு. அதற்கு மட்டும் மன்னிப்பு.

ஸ்தனிஸ்லாஸ்


ஸ்ரீரங்கம்,
29-8-1968

ஸ்தனிஸ்லாஸ்,

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்பப் பொறுக்கி ஒட்டினேன். கடைசியில் இருந்த அந்தத் தாள் வேண்டுமே.

பதினொன்றையும் அதனதன் இடத்தில் எழுதி மறுபடி முதலிலிருந்து நடந்தேன். ஏழாவது கார்டு. ஒவ்வொரு டிரைவருக்கும் போன வாரக் கடைசி டூட்டி எப்போது முடிந்தது என்று ஒரு கார்டு உண்டல்லவா? அதை வைத்துத்தான் ஒன்பது மணி நேரம் ஆயிற்றா என்று ப்ரோகிராம் பார்க்கும். உங்கள் ஏழாவது கார்டு அந்தப் பார்வையையே தாண்டிக் குதித்துவிடுகிறது. ஒருவருக்கு இருவருக்கு இல்லை, எல்லாருக்கும். வாரத்துக்குள்ளே ஓய்வு சரியாக வரும், சனிக்கும் ஞாயிறுக்கும் நடுவே மட்டும் கேட்க ஆளில்லை. மெஷின் அங்கே நின்றது, நீங்கள் அந்த இடத்தையே வெட்டிவிட்டீர்கள், ஓடிற்று. ஓடிற்று என்பதால் சரியாகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டீர்கள். பாவி மனுஷா, வலிக்கிற பல்லுக்குப் பதில் நாக்கை அறுத்து வைத்திருக்கிறீர்கள்!

ஏன் நின்றது என்றும் கண்டுபிடித்தேன். லீவு முடிந்து வருகிற டிரைவருக்குப் போன வாரம் டூட்டியே இல்லை. அவர் கார்டு வெறுமையாக இருக்கும். வெறுமையாக இருந்தால் நில் என்று நான்தான் எழுதியிருக்கிறேன். அப்படி ஒரு கார்டு வராது என்று எனக்கு ஒரு நினைப்பு. டிரைவர் லீவு எடுப்பான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று சாயங்காலமும் என் விரல் அந்த வரியைத் தாண்டித்தான் போயிருக்கிறது. எழுதியிருப்பதை நான் படிக்கவில்லை, எழுதினதாக நான் நினைத்துக்கொண்டிருந்ததைப் படித்திருக்கிறேன். ரஷீதாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லுங்கள். உங்களிடம் இல்லை.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு உங்கள் பதினோரு கார்டோடு மெஷின் யார் யாருக்கு என்ன போட்டிருக்கும் என்று நானே பென்சிலால் போட்டது. முதல் பஸ்ஸுக்கு அழகர்சாமி என்றுதான் வருகிறது. மெஷினிலும் ஓட்டிப் பாருங்கள். அதே வந்தால் அந்த அச்சுத் தாளையும் கார்டுக் கட்டையும் எடுத்துக்கொண்டு ஒன்பதாம் தேதி இங்கே வாருங்கள். நான் மட்டும் சொன்னால் நம்பமாட்டார்கள், மெஷின் இங்கே இல்லை.

செல்லக்கிளி


மெட்ராஸ்,
3-9-1968

செல்லக்கிளி,

உரக் கம்பெனிக்காரன் கையைக் காலைப் பிடித்து அவன் நேரத்தில் கொஞ்சம் வாங்கி ஓட்டினேன். முதல் பஸ், அழகர்சாமி. நீங்கள் பென்சிலால் போட்டது அச்சில் வந்து விழுந்தபோது இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி பார்த்தேன். மெஷினைத் தொடாமல் அது என்ன செய்யும் என்று சொல்ல முடியும் என்பதை இன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அதற்குள் சந்தோஷப்பட வேண்டாம். இரண்டு பெயர் ஒத்துவரவில்லை. துறையூர் பஸ்ஸுக்கு நீங்கள் தங்கையன் என்றீர்கள், மெஷின் ஆண்டி என்கிறது. தங்கையனை லால்குடிக்குத் தள்ளிவிட்டது. இது எந்தக் கார்டின் வேலை என்று எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கும் விளங்கியிருக்காது, இல்லாவிட்டால் சரியாகப் போட்டிருப்பீர்கள்.

இன்னொன்று. எங்கள் முதலாளி அந்த அச்சுத் தாளைப் பார்த்துவிட்டார். பிடுங்கி அவர் மேஜைக்குள் வைத்துப் பூட்டினார். உங்கள் கம்பெனியிலிருந்து விசாரணைக்காகக் கேட்டிருக்கிறார்களாம், "ப்ரோகிராமில் இந்த அலுவலகம் எந்த மாற்றமும் செய்யவில்லை" என்று டைப் அடித்து என் முன்னால் வைத்திருக்கிறார். "கையெழுத்துப் போடு, இல்லாட்டி பெட்டியைக் கட்டு" என்கிறார். இன்னும் போடவில்லை. பாலக்கரையில் அம்மா தனியாக இருக்கிறாள், நான் அனுப்பினால்தான் அங்கே அடுப்பு எரியும். வர முடியும் என்று தோன்றவில்லை. திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்தனிஸ்லாஸ்


ஸ்ரீரங்கம்,
10-9-1968

ஸ்தனிஸ்லாஸ் என்கிற பெரிய மனிதருக்கு,

உங்கள் கையெழுத்து அழகாக இருந்தது. நேற்று எல்லார் முன்னாலும் அதை விரித்துக் காட்டினார்கள். "எந்த மாற்றமும் செய்யவில்லை", கீழே ஸ்தனிஸ்லாஸ், தேதியோடு. த்தூ!

நான் எழுதிக் கொடுத்ததை வாபஸ் வாங்குவதாகச் சொன்னேன். மெஷின் அப்படிப் போடும், போட்டது, வழி இது என்று பதினோரு கார்டையும் எடுத்துச் சொன்னேன். விசாரிக்க வந்த வக்கீல் பாதியில் கையைத் தூக்கி, "மெஷின் வச்சிருக்கிறவங்களே மாத்தலைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நீங்க ஸ்ரீரங்கத்துல பாயில உக்காந்துக்கிட்டு எப்படிம்மா சொல்றீங்க?" என்றார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

அப்போதுதான் அழகர்சாமி வாயைத் திறந்தார். அதுவரை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவர். வக்கீலிடம் பேசவில்லை, என்னிடம் பேசினார்.

"தாயி, மொதல்ல வராதுன்னீங்க. இப்ப வரும்ங்கிறீங்க. போனது போகட்டும். வர்ற சனிக்கிழமை எங்காளு ஒருத்தன் ராத்திரி வண்டி ஓட்டிட்டு வருவான். அவனுக்கு மறுநா காலையில டூட்டி வருமா, வராதா? அத மட்டும் சொல்லுங்க. அவனையாவது தூங்கச் சொல்லிடறேன்."

என்ன சொல்வேன் நான்? தங்கையனும் ஆண்டியும் எப்படி மாறினார்கள் என்றே தெரியாதவள். "தெரியலைங்க" என்றேன். வக்கீல் அதை மட்டும் பத்திரமாக எழுதிக்கொண்டார். "ப்ரோகிராம் எழுதிய பெண்ணுக்கே தெரியவில்லை." மேனேஜர் என்னைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி, "பொம்பளப் பிள்ளை, பாவம், குழம்பிப் போச்சு" என்றார். பதினெட்டாம் தேதி உத்தரவு போடுகிறார்கள். டிஸ்மிஸ்தான் என்று ஆபீஸ் பையன்வரைக்கும் பேசிக்கொள்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அதே பதினோரு கார்டையும் சொருகி அடுத்த சார்ட்டை ஓட்டுவீர்கள். ஓட்டுங்கள். ஓடத்தானே வேண்டும் உங்களுக்கு. இனி எனக்கு எழுத வேண்டாம்.

செல்லக்கிளி


மெட்ராஸ்,
14-9-1968

செல்லக்கிளி,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன்.

நேற்று மூன்று மணிக்கு உங்கள் கார்டுக் கட்டை எடுத்தேன். பதினோரு கார்டையும் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நீங்கள் எழுதினதை நீங்கள் எழுதினபடியே ஓட்டினேன். நாலாவது டிரைவரில் நின்றது. லீவிலிருந்து வந்தவன். விளக்கு எரிந்தது. ஆறு மாதமாக அந்த விளக்கைக் கண்டாலே என் கை தானாக நீளும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலாளி வந்தார். "என்னய்யா, ஓட வையி" என்றார். "ஓட வைக்க எனக்குத் தெரியும் சார். எதனால நிக்குது, தாண்டினா யாரு தலையில விடியும்னு தெரிஞ்சப்புறம் ஓட வைக்கிறேன்" என்றேன். கத்தினார். உங்கள் மேனேஜர் டிரங்க் காலில் கத்தினார். நான்கரைக்கு உரக் கம்பெனிக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு இவர்கள் சத்தத்தில் ஓடியே போய்விட்டான். ஐந்து மணிக்கு மெஷினும் நின்றிருந்தது, எனக்கு வேலையும் இல்லை. சார்ட் வரவில்லை அல்லவா? இந்த வாரம் டிப்போவில் யாராவது மனிதர் உட்கார்ந்து கையால் எழுதியிருப்பார். அழகர்சாமியின் ஆள் நாளைக் காலையாவது தூங்குவான்.

அந்தக் கையெழுத்து நான் போட்டதுதான். பயந்து போட்டேன். அதற்கு நீங்கள் துப்பியது போதாது, நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை வண்டியில், உத்தரவு போடுவதற்கு முன்பே வருகிறேன். பதினோரு கார்டும் என்னிடம் இருக்கின்றன. நான் போட்ட கையெழுத்து பொய் என்று இன்னொரு கையெழுத்துப் போடுவேன். அழகர்சாமியையும் வரச் சொல்லுங்கள். அவர் கேட்டதை என்னிடமும் கேட்கட்டும், வக்கீல் முன்னால், உங்கள் மேனேஜர் முன்னால். எனக்கும் தெரியாது என்றுதான் சொல்வேன். நீங்கள் ஒருத்தி சொன்னால் பொம்பளப் பிள்ளைக்குத் தெரியவில்லை என்று எழுதிக்கொள்வார்கள். எழுதினவளும் ஓட்டினவனும் சேர்ந்து தெரியாது என்று சொன்னால், அந்த மனிதரைத் தூங்கவிடாமல் ஏற்றியது யார் என்று அவர்கள்தான் சொல்லியாக வேண்டும்.

ஸ்தனிஸ்லாஸ்